கிணற்றடி மேசையில் அம்மா பிடித்த இடம்

தம்பி,

உன் குரல் செய்தி பதினோரு நாளாக என் கைப்பேசியில் கிடக்கிறது. "அப்பா, இன்னும் கோபமா இருந்தா நேரா சொல்லிடுங்க. ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடட்டுமா, வேணாமா? எலெனா தினமும் கேக்குறா." அவ்வளவுதான். முடிவில் நீ ஒரு பெருமூச்சு விடுகிறாய். ஒவ்வொரு தடவையும் அதையும் சேர்த்தே கேட்கிறேன். பதில் பேச மூன்று முறை பொத்தானை அழுத்தினேன். மூன்று முறையும் தொண்டையைக் கனைத்துவிட்டு அழித்துவிட்டேன். நான் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் உன் கல்யாணத்துக்கு நாங்கள் வரமாட்டோம். காரணம் கோபம் இல்லை. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செப்டம்பரிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. சனிக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா தேக்கா சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேனே, அது பொய். ஞாயிற்றுக்கிழமை திரையில் வரும்போது இடது கையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஏசி குளிருகிறது என்பாளே, அதுவும் பொய். நம் வீட்டு ஏசி பழுதாகி ஐந்து மாதம் ஆகிறது. உன் கல்யாணம் முடிகிறவரை உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கட்டிய நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்த வாக்கில் நான் மீறிய பெரிய வாக்கு இதுதான்.

டாக்டரைக் கேட்காமல் இல்லை. வெளிநாடு போய் அங்கேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். ஆனால் அம்மாவுக்கு இயந்திரத்தில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது, இதயமும் களைத்திருக்கிறது, அவ்வளவு தூரம் விமானத்தில் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னை மட்டுமாவது போகச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். ஒரு சனிக்கிழமை வீடு திரும்பியதும் குளியலறை வாசலில் அப்படியே சரிந்தாள். நான் இரண்டு எட்டு தள்ளி நின்றதால் பிடித்துவிட்டேன். அந்த இரண்டு எட்டைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை, தம்பி.

இதை எழுதுவது புக்கிட் பாஞ்சாங்கில், நம் வீட்டிலிருந்து எல்ஆர்டி ரயிலில் மூன்று நிறுத்தம் தள்ளி, ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டயாலிசிஸ் நிலையம். கதவுக்கு வெளியே சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை. காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே விட்டால் பதினொன்றரைக்குத்தான் வெளியே வருவாள். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான். இயந்திரம் என்றால் கை தானாகப் போகும். முதல் வாரம் அவளுடைய இயந்திரம் மணியடித்தபோது பழக்க தோஷத்தில் எழுந்து போய்த் திரையைத் தொட்டுவிட்டேன். அங்கே ஒரு தமிழ்த் தாதி இருக்கிறாள். என் கையை மெல்லத் தட்டிவிட்டு, "அங்கிள், இது லிஃப்ட் இல்ல லா" என்றாள். அதற்குப் பிறகு மணியடித்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

அந்தத் தாதிதான் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் என்னை அம்மா பக்கத்தில் உட்கார விடுகிறவள். என்ன பேசுவது? கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை அவளே கண்ணை மூடிக்கொண்டு, "அந்த ஊரச் சொல்லுங்க" என்றாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. இங்கே நம் ஆட்களுக்கு ஊர் என்றால் தமிழ்நாடு. ஊருக்குப் போகிறேன் என்றால் திருச்சி விமானம் ஏறுகிறார்கள் என்று பொருள். நாங்கள் இரண்டு பேரும் சிங்கப்பூரிலேயே பிறந்தவர்கள், எங்களுக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன். இப்போது அம்மாவுக்கு ஊர் வந்துவிட்டது. போன மே மாதம் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்த உன் இத்தாலி மலையூர்.

மணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவள் சட்டம். கால் மணிக்கொரு தடவை கோயில் மணி அடிக்கும். ஊரில் இரண்டு மணிக்கூண்டு, ஒன்று மற்றதைவிட ஒரு நிமிஷம் பிந்தி அடிக்கும். அது பழுது, சரிசெய்யலாம் என்று நான் சொன்னேன். முதல் மணியைக் காதில் வாங்காதவர்களுக்கு இரண்டாவது மணி என்றாய் நீ. அப்புறம் அந்த மத்தியானம். ஒரு மணிக்குத் தண்ணீர் வாங்க இறங்கினேன், தெருவே பூட்டிக் கிடந்தது. யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் போலிருக்கிறது என்று மேலே வந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். இரண்டு பேரும் டிவியை அணைத்துவிட்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்குக் கடைக் கதவுகள் திறந்தபோதுதான் ஊர் தூங்கி எழுந்திருக்கிறது என்று தெரிந்தது. பகலில் கடையை அடைத்துவிட்டு ஊரே தூங்குவது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் நானும் குறட்டை விட்டேன்.

மாலையானால் எல்லோரும் குளித்து உடுத்திக்கொண்டு ஒரே தெருவில் மேலும் கீழும் நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையிலும் கூட்டம்தான், ஆனால் எல்லோர் கையிலும் ஒரு பை இருக்கும். உன் ஊரில் வெறுங்கையோடு நடந்தார்கள். கோபுரத்தைச் சுற்றிக் குருவிகள் கத்திக்கொண்டு பறந்தன. எலெனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடைக்கு ஏற்றபடி நடந்தாள். "அம்மா", "அப்பா" என்று மெய்யெழுத்தை அழுத்தி அவள் கூப்பிடுகிற அழகு நம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட வராது. இத்தாலியிலும் அப்படித்தான் அழுத்திச் சொல்வோம் என்றாள். இந்தப் பெண்ணையா வேண்டாம் என்று நினைத்தோம் என்று அம்மா அன்று என் காதில் சொன்னாள். நினைத்தது நான்தான். அவள் மரியாதைக்குத் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

கடைசியாகக் கிணற்றடிக் கதை. அதைச் சொல்லாமல் எழுந்தால் விடமாட்டாள். அந்தச் சின்னச் சதுக்கத்தில் மூடி போட்ட பழைய கிணறு, அதன் ஓரத்தில் காப்பிக்கடை, வெளியே நாலே மேசை. கிணற்றை ஒட்டிய மேசை காலியாக இருந்தது. அம்மா கைப்பையிலிருந்து டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கிணற்றைப் பார்க்கப் போனாள். இங்கே உணவங்காடியில் அப்படித்தானே சோப் பண்ணி இடம் பிடிப்போம். மேசையில் டிஷ்யூ இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது, யாரும் உட்கார மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், சோப் பண்ணியாச்சா என்று நீ கேட்டதும் கை கழுவக் கிளம்பினாரே, அந்தச் சோப். திரும்பி வந்து பார்த்தால் தொப்பி போட்ட ஒரு கிழவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் வைத்தது என்று நினைத்து ஒரு தாளை உருவி மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். "தம்பி, சோப் பண்ண எடத்துல உக்காந்துட்டாருடா, சொல்லு அவருகிட்ட" என்று அம்மா உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ சிரித்த சிரிப்பில் பேச்சே வரவில்லை. ஒருவழியாக விளக்கிச் சொன்னதும் கிழவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி, நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். மீதிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் மாலை போனால், அதே மேசையில் ஒரு காகிதத் துண்டு மடித்து வைத்திருக்கிறது, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கூழாங்கல். கிழவர் பக்கத்து மேசையில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்புகிறவரை தினமும் எங்கள் இடம் எங்களுக்காகக் காத்திருந்தது. இந்த இடம் வரும்போது அம்மா சிரிப்பாள். இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும். தாதி அதைக் குறித்துக்கொள்வாள்.

அவளிடம் சொல்லாமல் விட்டுவிடுகிற கதைகளும் உண்டு. அவற்றை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். உன் வீடு மூன்றாம் மாடி, ஐம்பத்தாறு படி. லிஃப்ட்காரன் மகன் லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கிறான் என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சிரித்தாய். அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பாளே, எவ்வளவு பழைய கல் என்று வியப்பாளே, அவள் கல்லைப் பார்க்கவில்லை, மூச்சு வாங்கினாள். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவன், என் பெண்டாட்டிக்கு ஒரு படிகூடக் குறைக்க முடியாமல் பின்னால் நின்றேன். அவள் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றாளே, தக்காளி தேய்த்த ரொட்டி, அது அவள் தொடவே கூடாதது, கெட்ட சிறுநீரகத்துக்குத் தக்காளி ஆகாது. சாப்பிடட்டும் என்றும் இருந்தது, தட்டைப் பிடுங்க வேண்டும் என்றும் இருந்தது. சும்மா இருந்தேன்.

ஆமாம், அப்போதே எங்களுக்குத் தெரியும். இன்னும் சில மாதத்தில் ஆரம்பித்தாக வேண்டும் என்று பயணத்துக்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். "அதுல மாட்டிக்கிறதுக்கு முன்னால பிள்ளை இருக்குற எடத்தப் பார்த்துடணும்" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அம்மாவுக்கு உப்பு குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று உன்னிடம் பாதியை மட்டும் சொன்னோம். ஆறாம் நாள் மத்தியானம் அவள் தூங்கும்போது நீ என்னை ஊர் மதிலுக்குக் கூட்டிப் போனாய். கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஒலிவ மரங்கள். நான் முழுசையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்தேன். நீ மதிலில் ஒரு விரிசலைக் காட்டினாய். அதன் குறுக்கே நீயே ஒட்டிய சின்னக் கண்ணாடித் துண்டு. "நிலநடுக்கம் வந்து விரிசல் வளர்ந்தா இந்தக் கண்ணாடி ஒடஞ்சிடும்ப்பா. ஒடையாத வரைக்கும் பயப்பட ஒண்ணும் இல்ல" என்றாய். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற உன் வேலை இவ்வளவு அழகானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நம் வீட்டில் நான் பார்த்ததில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, நல்ல காற்று என்றேன். நீயும் ஆமாம் என்றாய்.

அதற்கு முந்தின நாள் ஒரு சின்னக் கோயிலுக்குள் போனோமே, நீயும் எலெனாவும் வெளியே நின்றுவிட்டீர்கள். உள்ளே கும்மிருட்டு. சுவரோரம் ஒரு பெட்டி, காசு போட்டால் இரண்டு நிமிஷம் விளக்கு எரியும். எனக்கு அந்தப் பெட்டிதான் முதலில் கண்ணில் பட்டது, உள்ளே என்ன டைமர் என்று யோசித்துக்கொண்டே காசு போட்டேன். சுவரில் ஓவியமாக ஒரு தாய், மடியில் பிள்ளை. பிள்ளை அவளைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்க்கிறது. விளக்கு அணைந்தது. "இன்னொரு தடவ போடுங்க" என்றாள் அம்மா. போட்டேன். அணைந்ததும் மறுபடி கேட்டாள். பாக்கெட்டில் இருந்த சில்லறை தீர்கிறவரை போட்டேன். பிறகு இருட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

உனக்கு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன், இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு வயதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், கைக்கு வந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு இத்தாலி போகிறேன் என்று நீ சொன்ன அன்று, சோற்றுத் தட்டின் முன்னால், "போனா போ. இனி இந்த வீட்டுல உனக்கு எடம் இல்ல" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. நீ போன இரண்டாவது மாதமே உன் அறையை ஜோகூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். அம்மா உன் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தாள், என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மறு வருஷம் நீ விடுமுறைக்கு வந்து கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாய். காலையில் அதை மடித்துச் சுவரோரம் நிறுத்திவிட்டு, எனக்குக் காப்பி கலந்து கொடுத்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த மனிதர் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அறை காலியாகத்தான் இருக்கிறது, அம்மா வாராவாரம் விரிப்பு மாற்றுவாள். இப்போது நான் மாற்றுகிறேன், மூலை சரியாக மடிப்பதில்லை என்று அவளிடம் திட்டு வாங்குகிறேன்.

எலெனாவிடம் எதையும் மறைக்காதே, தம்பி. நல்லதுக்காக மறைக்கிறேன் என்று நினைத்து மறைக்காதே. உன் அம்மாவும் நானும் அதில் கெட்டிக்காரர்கள், என்ன கிடைத்தது பார். பெற்ற பிள்ளை அப்பனுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு பதினோரு நாள் பெருமூச்சு விட்டிருக்கிறான். கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், ஆனால் இடம் இல்லை என்ற வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லாதே. மற்ற எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்துவிடலாம்.

உன் அழைப்பிதழ் போன வாரம் வந்தது. அம்மா அதைத் தாதியிடமும் பக்கத்துப் படுக்கை மலாய்க்காரப் பெண்மணியிடமும் காட்டினாள். இதுதான் எங்கள் ஊர் என்று அட்டையிலுள்ள கோபுரப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். கல்யாணம் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் உன்னிடம் அவளே சொல்லப் போகிறாளாம். அதற்கு முன்னால் தெரிந்தால் நீ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஓடி வருவாய், எலெனா வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்கிறாள். அவள் சொல்வது சரிதான். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை. ஜூன் வரை அவள் நன்றாக இருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். இருப்பார் என்றுதான் நினைக்கிறேன் என்றார். அந்த "நினைக்கிறேன்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முடிவை உன்னிடம் விடுகிறேன் என்று எழுதினால் அது பெருந்தன்மை மாதிரி தெரியும். உண்மையில் எனக்கு வழி தெரியாமல்தான் உன்னிடம் விடுகிறேன்.

கல்யாண விருந்து அந்தச் சதுக்கத்தில்தான் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நாங்கள் கிளம்பிய கடைசி மாலை அம்மா அந்த மேசையில் புதுப் பொட்டலம் ஒன்றை வைத்தாளே, கூழாங்கல்லை மேலே தூக்கி வைத்துவிட்டு, அடுத்த தடவைக்கு இப்போதே சோப் பண்ணிவிட்டேன், கிழவரிடம் சொல்லிவை என்றாளே. அடுத்த தடவை இருக்காது என்று தெரிந்தே வைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி பதினொன்றே கால். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளை இயந்திரத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். சற்று முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, எழுதுகிறீர்களா என்று கையால் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். கல்யாண வாழ்த்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு இரண்டு டிஷ்யூ பொட்டலம் வைத்திருக்கிறேன். அங்கே உன் ஊர்க் கடைகளில் கிடைக்காதது ஒன்றுமில்லை, நம் உணவங்காடி வாசலில் சக்கர நாற்காலிக்காரர் விற்கிறாரே, அவரிடம் வாங்கிய சாதாரணப் பொட்டலம்தான். நீ இங்கே வந்து நின்றாலும் சரி, அங்கேயே இருந்து தாலி கட்டினாலும் சரி, என்றைக்கு அந்தச் சதுக்கத்தில் உன் கல்யாணச் சாப்பாடு நடக்கிறதோ அன்றைக்குக் கிணற்றை ஒட்டி இரண்டு நாற்காலி போடு. ஆளுக்கொரு பொட்டலம் வை. யாராவது வந்து, இங்கே ஆள் இருக்கா என்று கேட்டால், இருக்காங்க என்று சொல்லிவிடு.

அப்பா